இணைய நாட்குறிப்பு நின்றுபோனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இணையத்தில் நாட்குறிப்பு (வலைப்பூ, பிளாக் என்பார்கள்) எழுதும் ஒரு கூட்டம் எனக்குப் பழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து பழுது பார்ப்பவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள். எழுதுவதைப் பற்றி இவர்கள் பேசுவதைவிட, எழுதாமல் போனதைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "முன்ன மாதிரி ஆர்வம் இல்லை."

மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது போலத்தான் இதுவும். எங்கே, எப்போதிருந்து, என்ன செய்தால் கூடுகிறது என்று கேட்டால்தான் மருந்து தெரியும். ஆர்வம் தானாக வற்றிப்போவது அபூர்வம் என்பது என் எண்ணம். படிக்கிற ஆள் மாறியிருப்பார், எழுதும் கருவி மாறியிருக்கும், அல்லது எழுதத் தொடங்கிய காரணமே தீர்ந்துபோயிருக்கும். பழி மட்டும் சோம்பேறித்தனத்தின் மேல் விழுகிறது.

கீழே உள்ளதில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி, இரண்டு வாரம் பார்த்து, அப்புறம் அடுத்தது.

எதற்கும் முன்னால்: தாள் சோதனை

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுங்கள். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. இன்று நடந்ததைப் பேனாவால் ஐந்தாறு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்டப்போவதில்லை, எழுதி முடித்ததும் கிழித்துவிடலாம்.

வரிகள் தடையில்லாமல் வந்தால், உங்கள் ஆர்வத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுது வெளியே இருக்கிறது: படிப்பவர்கள், எண்ணிக்கை, கருவி. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அறிகுறிகளைப் பாருங்கள்.

எழுத வந்தது, ஆனால் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கே சப்பென்று இருக்கிறதா? முதல் அறிகுறி.

பேனாவை எடுக்கவே கை போகவில்லை என்றால் ஐந்து முதல் எட்டு வரை உள்ளவற்றில் ஒன்று.

அறிகுறி 1: பக்கத்தைத் திறக்கிறேன், எழுத ஒன்றும் இல்லை

இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது. சொல்கிறவர்கள் உடனே "இந்த ஊரில் என்ன நடக்குது, எழுதறதுக்கு?" என்று ஊர்மேல் பழி போடுவார்கள்.

உங்கள் முதல் பத்துப் பதிவுகளையும் கடைசிப் பத்துப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பத்து குட்டையாக இருக்கும். கடைசிப் பத்து கட்டுரையாக வளர்ந்திருக்கும். தலைப்பு, முன்னுரை, படம், முடிவில் ஒரு கருத்து. நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தவர் தனக்குத் தெரியாமலே பத்திரிகை நடத்தத் தொடங்கிவிட்டார். தினமும் பத்திரிகை நடத்தும் அளவுக்கு எந்த ஊரிலும் ஒன்றும் நடக்காது, சென்னையிலும் கூட.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வட்டித் தொழில் செய்த நம் பக்கத்து நகரத்தார் கணக்கை மூன்று அடுக்காக எழுதினார்கள். அன்றன்று நடந்த வரவும் பற்றும் குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டுக்குப் போகும். கணக்கு முடிக்கும்போது, மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை. குறிப்பு எழுதியவருக்கு நடை அழகைப் பற்றிய கவலையே கிடையாது. தேதி, பேர், தொகை, அவ்வளவுதான். யோசனை எல்லாம் பேரேட்டுக்கு மாற்றும்போதுதான்.

நாம் செய்யும் தப்பு, குறிப்பையும் பேரேட்டையும் ஐந்தொகையையும் ஒரே இரவில் ஒரே பக்கத்தில் எழுத முயல்வது. பிரித்துவிடுங்கள்.

முதல் அடுக்கு போனில். நீங்கள் மட்டும் பார்க்கும் ஒரு குறிப்புச் செயலி, அல்லது உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தி. ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு வரி. எப்படி இருக்கலாம் என்றால்:

"புதன். வெள்ளைப் பணியாரம். முதல் ஈடு எண்ணெய் குடிச்சிருச்சு, உளுந்து கூடிப்போச்சு."

"மழை. வளவு முற்றத்தில் தண்ணி நின்னுச்சு. மூலைக் குழாயில் அணில் கூடு."

"கண்டனூர் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் மடியில் சுவர்க் கடிகாரம், ஓடிக்கொண்டே இருந்தது."

இரண்டாவது அடுக்குக்கு வாரம் ஒரு நாள் போதும். போனில் சேர்ந்ததைப் படித்துப் பாருங்கள். எதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுகிறதோ அதை மட்டும் எடுத்து இணைய நாட்குறிப்பில் எழுதுங்கள். பணியாரக் குறிப்பு மூன்று முறை வந்திருந்தால் அதற்குள் ஒரு பதிவு ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஒன்றுமே ஒட்டவில்லையா, அந்த வாரம் விடுமுறை.

மூன்றாவது அடுக்கு வருடக் கடைசியில். அது வேண்டியவர்களுக்கு மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு வழியும் உண்டு: வரவு, பற்று என்று இரண்டே தலைப்பு. இன்று வீட்டுக்குள் என்ன வந்தது, வீட்டைவிட்டு என்ன போனது. பொருளாக இருக்கலாம், ஆளாக இருக்கலாம், சத்தமாகக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டுத் தேக்குத் தூணைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள் என்பது இந்த ஊரில் ஒரு பெரிய பற்று. அந்த வரியை எழுதிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அறிகுறி 2: எழுதிவிடுகிறேன், வெளியிட மனம் வரவில்லை

வரைவுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முடிக்காத பதிவுகள் குவிந்திருக்கின்றனவா? அவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் முடிந்த பதிவுகளா? அப்படியானால் வேறு சோதனை வேண்டாம். சொந்தக்காரர்கள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாட்குறிப்பு தொடங்கும்போது படிப்பவர் முகம் தெரியாதவர். டொராண்டோவில் யாரோ, கோலாலம்பூரில் யாரோ. அவர்களிடம் எதையும் சொல்லலாம். அப்புறம் ஒரு நாள் யாரோ ஒருவர் அந்தச் சுட்டியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார், பெருமையாகத்தான் போடுவார். அடுத்த கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது, "என்ன ஆச்சி, மருமகளுக்கும் உங்களுக்கும் பேச்சு இல்லையாமே? இணையத்துல எழுதியிருந்தீகளே" என்று ஒரு குரல் வரும். அன்றோடு சரி. அடுத்த பதிவு கோயில் கும்பாபிஷேகப் படம், அதற்கடுத்தது வாழைப்பூ வடை செய்முறை, அதற்கடுத்தது ஒன்றுமில்லை.

இதை ஆர்வக் குறைவு என்று சொல்லக் கூடாது. வளவில் உட்கார்ந்து ஒருவரிடம் பேசுகிறோம், திரும்பிப் பார்த்தால் ஊரே முகப்பில் நின்று கேட்கிறது. வாய் தானாக மூடிக்கொள்கிறது. மூடிக்கொள்வது புத்திசாலித்தனம்.

புனைபெயர் வைத்துக்கொள்ளலாமே என்று முதலில் தோன்றும். பெரிய நகரத்தில் அது செல்லும். இங்கே செல்லாது. "எங்கள் வீடு இரட்டை வீடு, மூன்றாம் கட்டில் கிணறு, தம்பி மனைவி கனடாவில் பல் மருத்துவர்" என்று எழுதிய பிறகு பெயர் எதற்கு? பள்ளத்தூரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை செய்வது பிரித்து வைப்பதுதான். வேர்டுபிரஸ் தளத்தில் எழுதுபவர்களுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகப் பொது, தனிப்பட்டது, கடவுச்சொல் உள்ளது என்று மூன்று தேர்வு உண்டு. கூகுளின் பிளாகர் தளத்தில் எழுதுபவர்கள், நாட்குறிப்பு முழுவதையும் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி மாற்றலாம்; ஒரு பதிவுக்கு மட்டும் தனியாகச் செய்ய முடியாது, ஆகவே பொதுவுக்கு ஒன்று, உள்வட்டத்துக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. தேடுபொறிக்குக் காட்டாதே என்று ஓர் அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. அதை நம்பி அந்தரங்கத்தை எழுதாதீர்கள். அது தேடுபொறியிடம் வைக்கும் வேண்டுகோள். சுட்டி கையில் இருக்கிறவருக்குக் கதவு திறந்தேதான் இருக்கும்.

ஏற்கெனவே பொதுவில் இருந்தவற்றை மறைத்துவிட்டால் மறைந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் போன்ற இடங்களில் பழைய பிரதி இருக்கலாம். போய்த் தேடிப் பாருங்கள். நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதலாம்.

இன்னொரு நல்ல கருவி காலதாமதம். எழுதியதை உடனே வெளியிடாமல் ஆறு மாதம் கழித்து வெளியிடுவது. கோபத்தில் எழுதியது அதற்குள் ஆறியிருக்கும், வேடிக்கையாக எழுதியது அப்போதும் வேடிக்கையாக இருந்தால் தேறிவிட்டது. கல்யாணச் சண்டையை எழுதுவதற்கு, அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்து பெயர் வைக்கும்வரை பொறுப்பது உத்தமம்.

மூன்று விஷயங்களைப் பொதுவில் எழுதவே வேண்டாம் என்பேன்: மற்றவர் நோய், மற்றவர் பணம், பேச்சுவார்த்தையில் இருக்கும் சம்பந்தம். மூன்றுமே நம்முடைய கதை மாதிரி தோன்றும். நம்முடையது இல்லை. குழந்தைகள் படமும் அப்படித்தான். பெற்றவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், குழந்தைக்கு விவரம் தெரியும் வயதென்றால் குழந்தையையும் கேளுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் பொதுப் பக்கத்தில் எழுத வரவில்லை, உள்வட்டத்தில் சரளமாக வருகிறது என்றால், பொதுப் பக்கத்தை விட்டுவிடுங்கள். உலகத்துக்கு நஷ்டமில்லை.

அறிகுறி 3: யாரும் படிப்பதில்லை, பின் எதற்கு எழுத வேண்டும்?

இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தமிழில் இணைய நாட்குறிப்புகள் பெருகிய காலத்தில் அவற்றை ஒரே இடத்தில் காட்டத் திரட்டிகள் இருந்தன. தமிழ்மணம் 2004இல் வந்தது. விரும்பிய பக்கங்களைத் தொடர்ந்து படிக்கக் கூகுள் ரீடர் இருந்தது, அதை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். வாசகர்கள் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தார்கள். உங்கள் எழுத்து மோசமானதால் கூட்டம் கலையவில்லை. கூட்டம் வந்துகொண்டிருந்த பாதையே மாறிவிட்டது.

மறு பாதி நம்மிடம் இருக்கிறது. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழு தானாகப் போய் வரையும் நேரம் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழுவுக்கு இந்தக் குறைவு இல்லை. பரிசை எதிர்பார்த்துச் செய்ததுதான் ஆசையைத் தின்றிருக்கிறது.

வருகையாளர் எண்ணிக்கை இந்தச் சான்றிதழ் மாதிரிதான். கெட்டதல்ல, எதிர்பார்க்கத் தொடங்கினால்தான் வினை.

செய்ய வேண்டியது சுலபம். எண்ணிக்கை காட்டும் பெட்டியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். புள்ளிவிவரப் பக்கத்தின் குறுக்குவழியைப் போனிலிருந்து நீக்குங்கள். பிறகு, இந்தப் பதிவை யார் படித்தால் சந்தோஷப்படுவார் என்று ஒரே ஓர் ஆளை நினைத்து, அவருக்கு மட்டும் சுட்டியை அனுப்பி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "மாமா, நீங்கள் சொன்ன ஊருணியைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்." எல்லோருக்கும் அனுப்பும் சுட்டியை யாரும் திறப்பதில்லை. தனக்கென்று வந்ததை மாமா திறப்பார், அநேகமாகப் போன் செய்து இரண்டு பிழையும் சொல்வார். அந்தப் போனில் அடுத்த பதிவுக்கு விஷயம் இருக்கும்.

அறிகுறி 4: சொல்ல நினைக்கிறேன், தட்டச்சு செய்வதற்குள் போய்விடுகிறது

கருவிக் கோளாறு, மனசை நோண்ட வேண்டாம்.

முன்பு கணினியில் எழுதிக்கொண்டிருந்தவர் போனுக்கு மாறியிருந்தால் இது வரும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் முறையில், செயலி தானாக வேறு சொல்லைப் போட, நாம் அதைத் திருத்த, வாக்கியம் மறந்துபோகும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் இந்தத் தொல்லை குறையும்: உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம், மெய்யின் மேல் புள்ளி பல இடங்களில் தானாக விழும். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். போன் விசைப்பலகைகளிலும் இது கிடைக்கிறது.

வயதானவர்களுக்கு நான் சொல்வது குரல் தட்டச்சு. கூகுளின் விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்து, மைக்கைத் தொட்டுப் பேச வேண்டியதுதான். நிறுத்தக்குறி சரியாக விழாது, ஊர்ப்பேர்களை விதவிதமாகக் கடித்துத் துப்பும். "இளையாத்தங்குடி" என்று சொல்லிவிட்டு என்ன வருகிறதென்று பாருங்கள். அதனால் என்ன, வேகம் இருக்கிறது. அப்பத்தா பேசுகிற மாதிரியே எழுத்தில் வந்து விழும், அதை இலக்கணத் தமிழுக்குத் திருத்தாமல் விட்டால் இன்னும் நல்லது.

2000-க்கு முன்பின் எழுதியது திறந்தால் கோணல்மாணலாகத் தெரிகிறது என்று சிலர் தளர்ந்துபோகிறார்கள். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியேற்றங்களில் (கணினி எழுத்தைச் சேமிக்கும் முறைகளில்) எழுதியிருப்பீர்கள். எழுத்து அழியவில்லை. இப்போது வழக்கில் உள்ள யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு; ஒரு பத்தியை ஒட்டிச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் மாற்றுங்கள்.

அறிகுறி 5: விட்டு வெகுநாளாகிவிட்டது, திரும்பிப் போக வெட்கமாக இருக்கிறது

விடுபட்ட நாட்களை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டுத்தான் இன்றைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அந்தப் பாக்கி கூடக்கூட உள்ளே நுழைவது கஷ்டமாகும். தள்ளுபடி செய்யுங்கள். வட்டியே தொழிலாக இருந்த ஊரில் சொல்கிறேன், இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது.

"நீண்ட நாட்களாக எழுதவில்லை, மன்னிக்கவும்" என்று தொடங்கும் பதிவையும் எழுத வேண்டாம். அந்த வரியைப் படிப்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை. நேற்றுவரை எழுதிக்கொண்டிருந்தவர் போல இன்றைக்கு நடந்ததில் தொடங்குங்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நமக்கு வேண்டிய செய்தி அதில் இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

தினமும் எழுதுவேன் என்று முடிவில்லாத வாக்குக் கொடுப்பதற்குப் பதில் முடிவுள்ள ஒரு தொடர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வாகான காலம் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, கடைசி நாள் இழை எடுத்து (இனிப்பு மாவில் ஏற்றிய நூல் திரியை எடுத்து உண்பது) முடிக்கிறோம். அந்த 21 நாளும் நாளொன்றுக்கு ஒரு பத்தி. நோன்பு முடிந்ததும் எழுத்தும் முடிந்தது. மறுநாளும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், தோன்றாவிட்டால் கடன் ஏதும் இல்லை. நோன்பு கும்பிடும் வழக்கம் இல்லாதவர்களுக்கு மார்கழி இருக்கிறது, கோடை விடுமுறை இருக்கிறது, தேர்வுக்கு முந்தைய மாதம் இருக்கிறது (பிள்ளைகள் அப்போதுதான் பிரமாதமாக எழுதுகிறார்கள், படிக்க வேண்டியதைத் தவிர எல்லாம் சுவையாகத் தெரியும் மாதம்).

அறிகுறி 6: பழைய பதிவைப் படித்தால் கூசுகிறது

படிக்காதீர்கள். அழிக்கவும் செய்யாதீர்கள். மிகவும் கூசுவதைத் தனிப்பட்டதாக மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அறிகுறி 7: எழுதி முடித்தால் முன்பைவிடக் கனமாக இருக்கிறது

கடைசிப் பத்துப் பதிவில் ஒரே புகார் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். ஒரே ஆள், ஒரே சண்டை, ஒரே இழப்பு, வேறு வேறு தேதி. மனசு அங்கே ஒரு வட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவும் அந்தத் தடத்தை இன்னும் ஆழமாக்குகிறது. வெறுப்பு நாட்குறிப்பின் மேல் வருகிறது, ஏனென்றால் திறந்தாலே அந்த விஷயம்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்ட எழுத்துக்கு ஓர் அளவு காட்டுகிறது. மனதைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். எழுதியவுடன் மனம் சோர்ந்துதான் இருந்தது. அடுத்த மாதங்களில், நிகழ்ச்சியையும் அது கிளப்பிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நாம் கவனிக்க வேண்டியது அந்த நான்கு நாளை. அதோடு நிறுத்தினார்கள்.

ஆகவே: தாளில், 15 நிமிடம், நான்கு நாள். ஐந்தாம் நாள் அந்த விஷயம் இணையத்துக்குப் போகாது. அதற்குப் பிறகு சில வாரம் உங்களைத் தவிர வேறு எதையாவது எழுதுங்கள். தெருவில் யார் வீட்டு முகப்பில் என்ன சுதைச் சிற்பம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போதும். தேவகோட்டையில் ஒரு தெருவுக்கே ஒரு மாதம் ஆகும்.

ஒன்றைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். நாட்குறிப்பில் மட்டும் ஆர்வம் போயிருக்கிறதா, அல்லது சாப்பாடு, தூக்கம், ஆட்களைப் பார்ப்பது, பிடித்த பாட்டு என்று எல்லாவற்றிலும் போயிருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் இந்த வழிமுறையை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அறிகுறி 8: கோளாறு ஒன்றும் இல்லை, வேலை முடிந்துவிட்டது

இதை அறிகுறி என்று சொல்வதே தப்பு. ஆனாலும் இதற்காக வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, பூர்வீக வீட்டைப் பழுது பார்த்த வேலை முழுவதையும் இணையத்தில் எழுதிவந்தார். சுண்ணாம்பில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசும் பழைய பூச்சைத் தெரிந்த கொத்தனாரைத் தேடியது, ஆத்தங்குடியில் பழைய தரைக்கல்லின் பூவோடு பொருந்தும் கல்லை வார்க்கச் சொன்னது, கண்ணாடி மேல் நிறக் கலவையும் மணலும் சிமெண்டும் விழுந்து கல்லாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. வீடு முடிந்தது, பால் காய்ச்சினார்கள். அப்புறம் எழுத வரவில்லை. "என்னான்னு தெரியலப்பா, சோம்பலா இருக்கு" என்றார். சோம்பல் இல்லை, ஆச்சி. வீடு கட்டி முடித்த பிறகு கொத்தனார் வருவதில்லை.

வெளிநாட்டுக்குப் போனபோது தொடங்கி, ஊர் திரும்பியதும் நின்றுபோகும் நாட்குறிப்புகளும் இந்த வகைதான். ஊருக்குச் சொல்லத்தான் எழுதினோம். ஊரிலேயே இருக்கும்போது யாருக்குச் சொல்வது?

முடிந்ததை முறையாக மூடுங்கள். அப்படியே போட்டுவிட்டால் என்றாவது காணாமல் போகும். தனிநபர் கூகுள் கணக்கு இரண்டு ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால் அதை நீக்கலாம் என்று 2023இல் அந்த நிறுவனம் விதி செய்திருக்கிறது. சொந்தப் பெயரில் வலைமுகவரி வாங்கியவர்கள் புதுப்பிக்க மறந்தால் வேறு யாரோ வாங்கி, உங்கள் பெயரில் என்னவோ விற்றுக்கொண்டிருப்பார்கள்.

பிளாகர் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். வேர்டுபிரஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி இருக்கிறது; அதில் வரும் கோப்பில் எழுத்து முழுவதும் இருக்கும், படங்கள் இருக்காது, படங்களின் முகவரி மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியாக இறக்க வேண்டும். பலரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், தளம் மூடிய பிறகுதான் தெரியவரும். இறக்கியதை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம்.

பிறகு அச்சு. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பிரதி எடுத்துக் கட்டு போட்டுக்கொள்ளுங்கள். "இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்" என்று இழுக்கிறவர்களுக்கு நான் சொல்வது கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம் என்று மற்றவர்கள் கழித்துப்போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். அதை வைத்து 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வாழ்க்கையைத் தேடி ஆய்வாளர்கள் அங்கே போய் நோட்டீசைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கொத்தனார் கதை எந்த நோட்டீசுக்கும் குறைந்ததல்ல.

அச்சுப் பிரதியைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், கரையான் சுவர் வழியாகத்தான் வரும். தரையிலிருந்து உயர்த்திய மரப்பெட்டி நல்லது; வருடம் ஒரு முறை வெயில் தாழ்ந்த நேரத்தில் வெளியே எடுத்துத் தட்டி வைக்க வேண்டும்.

கடைசிப் பதிவில் மூன்றே விவரம் இருந்தால் போதும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எழுதினீர்கள், இனி இங்கே எழுதப்போவதில்லை என்பது, உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல். வலைமுகவரியை மட்டும் இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு தானாகப் பணம் எடுக்கும் அமைப்பை நிறுத்துங்கள். மறந்துவிட்டால் அடுத்த வருடமும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்.